அயோடின் சாரும் ஊசிப்புள்ளிக் காரும்

ஒரு லாரி உப்பை ஐந்து நிமிடத்தில் சோதித்துவிட்டு, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கதவைச் சோதிக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அயோடின் சார்.

மரக்காணத்தில் நான் கணக்கு எழுதும் உப்புக் கம்பெனியில் அவர்தான் லேப். உப்பில் ஒரு சொட்டு மருந்து விடுவார். நீலமானால் அயோடின் இருக்கிறது, மூட்டை போகலாம். அந்தச் சொட்டுதான் அவருக்குப் பெயர் வைத்தது.

ஒருநாள் குயிலாப்பாளையத்துப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்தார். ஏதோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழங்காலத்து பொம்மைக் கார், பாகம் பாகமாக. கோத்து ஒட்ட வேண்டியது நம் பொறுப்பு. எப்படி ஒட்டுவது என்று சொல்லும் காகிதம் மட்டும் இல்லை.

அச்சிலேயே வார்த்திருந்த எண்களை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தூக்கத்தைக் கெடுத்தவை ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகள். ஒரு பாகத்தில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, சீட்டுக்கு அடியில் மூன்று.

திங்கட்கிழமை அது உளவாளிகளின் ரகசியம். புதன்கிழமை, செய்தவரின் கையெழுத்து. மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பொறுமை இழந்து, கார் கதவின் மேல் ஒரு சொட்டு மருந்தை விட்டார். நீலமாகவில்லை.

"உப்பு இல்ல," என்றார் என்னிடம், ஏதோ ஒரு சந்தேகம் தீர்ந்த முகத்தோடு.

அன்றைக்கு வாசலில் நாலு லாரி நின்றது. மேனேஜர் கத்திக்கொண்டே வந்தார். "ஏம்பா, லோடு பாஸா ஃபெயிலா? சொல்லித் தொலையேன்!"

அயோடின் சார் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பானெட் பாஸுங்க சார். டிக்கிதான் டவுட்டா இருக்குது."

மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தடவை லோடு நின்றால் வேலை போய்விடும் என்றார்கள். அவர் மெமோவைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் பாக்கிங்கில் வேலை செய்யும் கன்னியம்மா சாம்பிள் கொண்டுவந்தார். மேஜை மேலிருந்த கதவை எடுத்தார். பார்க்கவில்லை, விரலால் தடவினார்.

"நாலு புள்ளி," என்றார். "கண்ணு தெரியாதவங்க வெச்ச அடையாளம் சார் இது. எங்க வூட்டுக்காரரு மாத்திரை டப்பாவுல நானும் இப்டித்தான் குத்தி வெச்சிருக்கேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ரெண்டு."

அயோடின் சார் சட்டென்று பாகங்களைப் பிரித்து வைத்தார். ஒரு புள்ளி போட்டவை எல்லாம் அடிச்சட்டம். இரண்டு, இன்ஜின். மூன்று, உள்ளே வைக்கும் சீட்டுகள். நான்கு, கதவோடு சேர்ந்த மேல்கூடு. பார்வையில்லாத யாரோ ஒருவர், எதை முதலில் கோப்பது என்று தனக்காகக் குத்திக்கொண்ட வரிசை அது. பிறகு அவர் கன்னியம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க வூட்டுக்காரரு என்ன வேலை பார்த்தாருங்க?"

"லாரி டிரைவரு சார். சக்கரை வியாதியில கண்ணு போயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அயோடின் சார் டப்பாவோடு கன்னியம்மா வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். கன்னியம்மாவின் கணவர் சுந்தரம் முதலில் கையே நீட்டவில்லை. "எனக்கு எதுக்குங்க பொம்ம?" என்றார்.

அயோடின் சார் ஒரு குச்சியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சுந்தரத்தின் விரல்கள் அதை ஒருமுறை உருட்டின. "ஆக்சில்," என்றார். குரலே மாறிவிட்டது. "அடுத்தத குடுங்க."

மூன்று மாதம் முடியாதது அன்று சாயங்காலத்துக்குள் முடிந்தது. பசை போடுவது மட்டும் அயோடின் சார் வேலை. அதிலும் இரண்டு தடவை திட்டு வாங்கினார். கடைசியில் சுந்தரம் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், ஸ்டியரிங்கு இடது பக்கம் இருக்குது. நம்ம ஈ.சி.ஆர்ல பாத்துதான் ஓட்டணும்."

மறுநாள் மேனேஜர் நக்கலாகக் கேட்டார். "என்னப்பா, வண்டி எங்க?"

"டிரைவர்கிட்ட இருக்குது சார்," என்று சொல்லிவிட்டு அயோடின் சார் உப்பில் சொட்டு விட்டார்.

ஆபீசில் அவரை அதிகம் கிண்டல் செய்வது நான்தான். இன்றைக்கும் செய்கிறேன். ஆனால் வேறு யாராவது செய்தால் எனக்கு ஏனோ கோபம் வந்துவிடுகிறது.