நியூசிலாந்துக்கு ஒரு திருவுளச்சீட்டு

சாமியை ஏமாற்றியவர்கள் பொதுவாக அதை வெளியே சொல்வதில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. என் அத்தை ஏற்கெனவே சிங்கப்பூர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பட்டம் வாங்கியதும் வெளிநாட்டில் ஆறு மாதம் வேலை பார்க்க ஆசை. ஆஸ்திரேலியாவா, நியூசிலாந்தா? (இரண்டிலும் ஆடு உண்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த பூகோளம்.) மனசு நியூசிலாந்து என்று முடிவு செய்துவிட்டது. ஆனால் அம்மா இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பிடோக் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா இன்னும் மூன்று பேருக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தனியே விட்டுப் போகட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தை வழி சொன்னார். "சிராங்கூன் ரோடு கோயில்ல திருவுளச்சீட்டு போட்டுப் பாத்துடலாம் லா. மூணு சீட்டு. ரெண்டு நாடு, ஒண்ணு 'போக வேண்டாம்'. அம்மனே சொல்லட்டும்."

சீட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாலுக்குப் பூனை காவல். மூன்றிலும் நியூசிலாந்து என்றே எழுதி மடித்தேன்.

சன்னதியில் அப்பா கண்ணை மூடி, வெகுநேரம் வேண்டிக்கொண்டு, ஒன்றை எடுத்தார். நியூசிலாந்து! நான் ஆச்சரியப்பட்ட அழகுக்கு விருதே கொடுக்கலாம். மீதி இரண்டையும் கிழிக்க நான் கை நீட்டுவதற்குள், சாமி காலடியில் இருந்ததைக் குப்பையில் போடக்கூடாது என்று அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் இலையில் சோறு விழுந்ததும் அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, மத்ததையும் காட்டுங்க."

பிரித்தார். நியூசிலாந்து. அடுத்ததும் நியூசிலாந்து.

"அம்மனுக்கு வேற நாடே தெரியாது போல!" அத்தை சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. எனக்கு ரசத்தில் விழுந்து உயிரை விடலாம் போலிருந்தது.

அத்தை கை கழுவ எழுந்து போனார். அப்பா சீட்டுகளைப் பழையபடி மடித்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா. உங்கம்மா இல்லாத வீட்டுல எனக்கே இருக்க முடியல. உன்னை எப்படி இருன்னு சொல்வேன்?"

போனேன். கிவிப்பழம் பறித்தேன், அழுதேன், திரும்பி வந்தேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாப்பிள்ளையோ மின்விசிறியோ, "மத்த சீட்டையும் பிரிச்சுப் பாத்தாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பாவே இந்தக் கதையைச் சொல்வார். அத்தை சிரித்த இடத்தோடு நிறுத்திவிட்டு, காப்பி போட எழுந்து போய்விடுவார். மிச்சத்தை நானும் யாரிடமும் சொன்னதில்லை.