மேடையேறாத நாடகத்தின் ஏஜென்ட்

ஏஜென்ட் காக்காவின் வாயில் அகப்பட்டும் லேசில் விலைபோகாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது என் நாடகம். ஓடாத மோட்டார் சைக்கிள், உப்புத் தண்ணீர்க் கிணறுள்ள வளவு, நாற்பது தாண்டிய மாப்பிள்ளை, எல்லாவற்றையும் தள்ளிவிட்டவர் அவர். ஊருக்கே மூத்த அண்ணன் முறையில் அவர் 'காக்கா'; சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே ஞாபகமிருக்குமோ தெரியாது.

"நாடகத்துக்கும் ஒரு ஏஜென்ட் வேணும் தம்பி. நீங்க எழுதுங்க, மேடை ஏத்துற என்ட பொறுப்பு" என்று மருதமுனையில் என் வீட்டு வாசலில் நின்று பிரதியை வாங்கிப் போனார். வயல் வரம்புத் தகராறில் பேச்சு முறிந்த உடன்பிறந்தார் இருவரின் கதை. பதினாறு வருட வாத்தியார் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொண்டே போனைப் பார்ப்பேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. போனில் கோல் எடுத்துக் கேட்டால், "பஸ்ஸுல இரிக்கன் தம்பி. சாய்ந்தமருதுல ஒரு ஆளோட கதைச்சிட்டன். நாளைக்கு முடியும்" என்பார். நாள்தான் முடியும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் நானே அவரைத் தேடி, அவர் போய்வரும் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினேன். முன்பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி காக்கா என் நாடகத்தை நடித்துக்கொண்டிருந்தார். மூத்தவனும் அவர், இளையவனும் அவர், மூத்தவன் பெஞ்சாதியும் அவர். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முழுக்கதையையும் இப்பிடிச் சொல்லிப்போட்டா மேடையில ஆரு காக்கா வந்து பாக்கப்போறாங்க?"

"சும்மா பதறாதீங்க தம்பி. சாமானக் காட்டாம ஆரு வாங்குவான்?"

ஒருவழியாக ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. நாடகத்தன்று காலையிலிருந்து ஆள் வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாலையில் பார்த்தால் சன்னலெல்லாம் தலைகள். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். கடைசிக் காட்சியில் மூத்தவன் தம்பியின் முகத்தில் கதவை அடைத்தான். நாடகம் முடிந்தது.

"சேர், எங்க சஹன்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஓம், சஹன் காட்சிய ஏன் வெட்டின?" என்று நாலு பேர் எழும்பினார்கள்.

கல்யாண வீடுகளில் நாங்கள் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டு என் நாடகத்தில் எங்கேயும் கிடையாது. காக்காவைப் பார்த்தேன். களவு பிடிபட்ட முகம்.

"உங்கட முடிவு சரியான துக்கமா இரிந்திச்சு தம்பி. எனக்கு அதச் சொல்ல மனசு வரல்ல, பஸ்ஸுல நானே ஒரு முடிவக் கட்டிச் சொல்லிட்டன்."

கூட்டம் கலையத் தொடங்கியது. காக்கா சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு வெறும் சஹனைத் தூக்கிவந்து மேடை நடுவில் வைத்தார். நடிகர்கள் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன், வேறென்ன செய்வது? அவர்களும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள்தானே, காட்சி மனப்பாடம். கல்யாண வீட்டில் வேறு இடமில்லாமல் இருவரும் ஒரே சஹனில் உட்கார நேர்கிறது. ஆளுக்கொரு ஓரத்தை மட்டும் பார்த்துப் பிசைகிறார்கள். பிறகு மூத்தவன், இல்லாத இறைச்சித் துண்டொன்றைத் தம்பி பக்கம் மெல்லத் தள்ளினான்.

மண்டபம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். அதில் என்னுடையதும் சேர்த்தி.

வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்து அந்தக் காட்சியைத்தான் மெச்சினார்கள். "அது காக்காட..." என்று தொடங்கினேன். அவர் விடவில்லை.

"தம்பிட எழுத்துத்தான். நான் வெறும் ஏஜென்ட்."

இப்போதெல்லாம் ஒரு காட்சி எழுதி முடித்ததும் முதலில் அவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுகிறேன். அந்த மனுஷன் கண்ணைத் துடைக்காவிட்டால் எனக்கு அடுத்த பக்கம் ஓடுவதில்லை.