மாமனாருக்குக் கணப்பு போட்ட நாள்

பெயின்டர் தன் மாமனாருக்குத் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து எழுநூற்று ஐம்பது. கையில் இருந்ததோ ஸ்கூட்டர் சாவி ஒன்றுதான். அந்த ஸ்கூட்டர் வாங்கத்தான் கடனே பட்டார். ஏணியையும் டப்பாக்களையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அது போனால் கை ஒடிந்த மாதிரி.

"பணம் எடுத்து வைங்க. இல்லேன்னா சாவியக் குடுங்க," என்று சொல்லிக்கொண்டேதான் மாமனார் படியேறினார். பின்னாலேயே மாமியார், சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

மலைமேல் ஊர்; குளிர் எலும்பைக் குடைந்தது. உடம்பு சூடேறினால் மனசு இளகும் என்று பெயின்டர் கணக்குப் போட்டார்.

"முதல்ல உட்காருங்க மாமா. கணப்பு போடறேன்."

அங்கேதான் பிடித்தது சனி. மாமனார் தீயணைப்பு ஆபீஸில் டைப் அடித்தே ஓய்வு பெற்றவர். நெருப்பை நேரில் பார்த்தது கம்மி. நெருப்பைப் பற்றி அடித்த சுற்றறிக்கை மட்டும் வண்டி வண்டியாக இருக்கும்.

"நில்லுங்க! புகைக்கூண்டுக்குள்ள தகடு இருக்கே, திறந்தீங்களா?"

"திறந்துட்டேன் மாமா."

"விறகு காஞ்சதா?"

"போன வருஷத்து விறகு. என்னைவிடக் காஞ்சு கெடக்கு."

"கம்பளம் ஏன் இவ்வளவு கிட்ட? ஒரு பொறி பறந்தா வீடே போச்சு. எடுங்க!"

எடுத்தார். அடியில் தரை பனிக்கட்டியாக இருந்தது. கணப்புக்கு முன்னால் கம்பிவலைத் தட்டியை நிறுத்தினார். மணல் வாளி கேட்டார் மாமனார். தூக்கி வருவதற்குள் பாதி மணல், பெண்டாட்டி அப்போதுதான் துடைத்த தரையில் கொட்டியது.

"ஏங்க, வீட்டக் காப்பாத்தறீங்களா, புதுசாக் கட்டப் போறீங்களா?" என்றாள் அவள்.

நெருப்பு மூட்டியதும் மாமனார், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு," என்று பாத்ரூம் போனார். கொஞ்ச நேரத்தில் மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

"மாப்பிள்ளை, புகை நாறுதே."

பெயின்டர் குனிந்து பார்த்தார். புகை ஒழுங்காக மேலேதான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நாறத்தான் செய்தது.

மாமனார் வந்ததும் பாய்ந்தார். "புகை உள்ளே தங்கினா, தூங்கற ஆளு எந்திரிக்கவே மாட்டான்! ஜன்னலைத் திறங்க!"

திறந்தார். காற்று சுழன்றடித்து உள்ளே வர, சாம்பல் கிளம்பி மாமனாரின் வழுக்கையில் குடியேறியது.

"ஒரு கணப்பு போடத் துப்பில்ல. என் பணத்தை எங்கேர்ந்து திருப்புவீங்க? சாயங்காலம் சாவியோடதான் கிளம்புவேன்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் பாத்ரூமுக்கு விரைந்தார்.

"இன்னும் நாறுதே," என்றார் மாமியார், உள்ளே கேட்கும்படி.

பாத்ரூம் கதவுக்குப் பின்னாலிருந்து ஆணை பிறந்தது: "அணைச்சுடுங்க! சாம்பலை இரும்பு வாளியில அள்ளி, மூடி போட்டு, வீட்டுக்கு வெளியே தள்ளி வைங்க. ஆறிடுச்சுன்னு நம்பக் கூடாது, அடியில கங்கு இருக்கும்!"

பெயின்டர் அதையும் செய்தார். இப்போது வீட்டில் நெருப்பில்லை, கம்பளமில்லை, ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. தெருவில் நின்றால் இதைவிடக் கதகதப்பாக இருக்கும். பாதுகாப்புக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"போகலையே மாப்பிள்ளை," என்றார் மாமியார். "புகைக்கூண்டு உச்சியில ஏதோ அடைச்சிருக்கும். கூரைமேல ஏறிப் பாருங்களேன்."

"சரி அத்தை. ஏணிய வாசப்பக்கம் சாத்தறேன்."

"வாசப்பக்கம் வேணாம். பின்பக்கமாப் போங்க."

பெயின்டர் ஏணியில் பாதிதான் ஏறியிருப்பார். கண்ணுக்கு நேரே பாத்ரூம் ஜன்னல். ஜன்னலில் ஒரு கை. கையில் சுருட்டு. அதற்குப் பின்னால், சாம்பல் ஒட்டிய ஒரு வழுக்கை. டாக்டர் மிரட்டி, மாமியார் சத்தியம் வாங்கி, 'அதை விட்டு வருஷக்கணக்காச்சு' என்று மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்ட அதே சுருட்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை," மாமனாரின் குரல் பஞ்சாகிவிட்டிருந்தது. "அந்தப் பதினோராயிரத்து..."

"எழுநூத்தி அம்பது மாமா."

"அது கெடக்குது, விடுங்க. குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு வழக்கு?"

"அத்தை கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன். நீங்க எதையும் சொல்லாம இருந்தாச் சரி."

கூடத்துக்கு வந்த மாமனார் தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை பாக்கி தீர்ந்தது. வண்டி அவருக்கே. நெருப்பு விஷயத்துல அவர் காட்டின பொறுப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்று அறிவித்துவிட்டு, அவசரமாக வாய் கொப்பளிக்கப் போனார்.

பெயின்டர் மாமியாரைப் பார்த்து, "மேல ஒரு குருவிக் கூடு அத்தை. எடுத்துப் போட்டுட்டேன்," என்று மென்று விழுங்கினார்.

மாமியார் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டார்.

"ஜன்னலைச் சாத்திட்டுக் கணப்பை மறுபடி மூட்டுங்க மாப்பிள்ளை. விறகுப் புகைக்கும் சுருட்டுப் புகைக்கும் வித்தியாசம் தெரியாமலா உங்களைப் பின்பக்கமா ஏறச் சொன்னேன்?"