தோள் வலிக்கு மேஜைக்கால் வைத்தியம்

1. எனக்கு வலது தோள் வலித்தது.
2. காரணம் டிராயிங் போர்டின் உயரம் என்று நானே கண்டுபிடித்தேன்.
3. எங்கள் பிரிவின் எல்லா போர்டுகளுக்கும் கால்கள் வெட்டப்பட்டன.
4. தோள் தொடர்ந்து வலித்தது.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு டாக்டரைச் செருகியிருக்கலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவளுக்கு டாக்டர் எதற்கு?

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குரோம்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியின் டிராயிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாவது மேனேஜர் கையில் இருந்தது. (என் அறிவு அவர் கண்ணில் பட வேண்டாமா?) முழங்கைக் கோணம், பலகையின் சாய்வு, தோளில் இறங்கும் பளு என்று அம்புக்குறியெல்லாம் போட்டு வரைந்து காட்டினேன். பாவம், நம்பிவிட்டார். தச்சரை வரவழைத்து எல்லாக் கால்களையும் வெட்டச் சொன்னார்.

மறுநாளிலிருந்து என்னைவிட உயரமான அத்தனை பேரும், அதாவது எல்லோரும், கிணற்றை எட்டிப் பார்ப்பவர்களைப்போல வேலை செய்தார்கள். பக்கத்து போர்டு செல்வம் அண்ணா இடுப்பைப் பிடித்தபடி, "நீ நல்லா இருப்பேம்மா" என்றார். வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

நிரந்தரம் பற்றிப் பேச மேனேஜர் என்னை அழைத்த நாள் வந்தது.

"என்னம்மா, தோள் வலி போயிடுச்சா? நீ சொன்னேன்னுதான் இத்தனை காலையும் வெட்டினேன்."

பொய் சொல்ல வாயை நன்றாகத் திறந்தேன். வலது காதோரம் 'டக்' என்றது. திறந்த வாய் மூடவில்லை. (சாப்பிடும்போது சில மாதங்களாகவே கேட்ட சத்தம்தான். தோளுக்குச் சம்பந்தமில்லை என்று ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.)

"சொல்லும்மா."

"ஆ."

"போச்சா, இல்லியா?"

"ஆ."

செல்வம் அண்ணாதான் ஆட்டோவில் அழைத்துப் போனார். துப்பட்டாவால் வாயை மறைத்திருந்தும் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, ஏறுனதுலேர்ந்து கொட்டாவி வுட்டுகினே வர்றே. தூங்கவே இல்லியா?"

தாம்பரத்தில் பல் டாக்டரம்மா இரண்டு கட்டை விரல்களையும் என் வாய்க்குள் விட்டு, தாடையை அழுத்தி இடத்தில் உட்கார வைத்தார். பிறகு, "வலது தோளும் வலிக்குமே?" என்றார்.

"அது போர்டு உயரம்..."

"தாடை மூட்டுல கோளாறு இருந்தா சிலருக்குக் கழுத்து, தோள் தசையும் சேர்ந்து இறுகிடும். எதையாவது கடிச்சுக்கிட்டே இருப்பியா?"

"பென்சில், டாக்டர்" என்றார் அண்ணா. "காலையில கவ்வினா சாயங்காலம்தான் விடுவா. ஆபீஸ்ல அதுவரைக்கும் நிம்மதி."

வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு திரும்பினேன். மேனேஜர் என் நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இன்னிக்கு ஒருநாள்தான் நீ எனக்குத் தப்பா யோசனை எதுவும் சொல்லலே" என்றார்.

வீட்டில் இன்றும் யாருக்குத் தலைவலி, வயிற்றுவலி என்றாலும் அப்பா என்னைப் பார்த்து, "ரம்பம் எடுத்துட்டு வரட்டுமா?" என்கிறார்.

பென்சில் அன்றே வாயிலிருந்து காதுமேல் ஏறிவிட்டது. தோள் வலிப்பதில்லை. கம்ப்யூட்டர் வரும்வரை போர்டுகள் செங்கல்மேல் நின்றன.