டூலெட் அண்ணன் தூங்கிப் பார்த்த வீடுகள்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் காலியாகக் கிடந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவையாவது தூங்கி எழுந்த ஒரே மனிதர் டூலெட் அண்ணன்தான். அங்கே இருக்கும் கோட்டையில் யாராவது ‘வாடகைக்கு’ என்று பலகை மாட்டியிருந்தால் அதற்குள்ளும் போய்ப் படுத்துப் பார்த்திருப்பார். அவருடைய நிஜப் பெயர் அவர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஊர் அறந்தாங்கிப் பக்கம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் டிரைவர். ஒரே ரூமில் நாங்கள் ஆறு பேர். என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. சனிக்கிழமை வந்தால் போதும், குளித்து, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார். துணைக்கு நான்.

வீடு பார்க்கப் போகிறவன் குழாயைத் திறந்து பார்ப்பான், ஏசியைப் போட்டுப் பார்ப்பான். அண்ணனுக்கு அதெல்லாம் கிடையாது. நேராக ஹாலுக்குப் போய், கைக்குட்டையை விரித்து, தலைவைத்துப் படுத்துவிடுவார். ஃபோனைப் பக்கத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைப்பார். வீடியோ காலில் ஊரிலிருந்து அவர் மனைவி செல்வி அக்கா இருப்பார்.

“இப்ப நீ அடுப்படியில நிக்கிற செல்வி. வெங்காயம் வதக்குற. வாசனை இங்க ஹால் வரைக்கும் வருது.”

“மிளகாய் கிள்ளிப் போட்டுட்டேங்க, தும்மல் வரும். ஜன்னலத் தொறந்து விடுங்க” என்பார் அக்கா, ஏதோ உண்மையிலேயே அடுப்படியில் நிற்பவர்போல.

அண்ணன் கண்ணை மூடியபடியே தும்முவார். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வழியாக வெயில் தரையில் வழிந்து கிடக்கும். தூசி அதில் மெதுவாக மிதக்கும். அடுப்பே இல்லாத அந்த வீட்டில் எனக்கும் வெங்காய வாசனை வர ஆரம்பித்து வயிறு பசிக்கும். அதற்குள் அண்ணனிடமிருந்து குறட்டை கிளம்பிவிடும். சாவிக்கொத்தோடு நிற்கும் வாட்ச்மேன், “பாய், கலாஸ்?” என்று, முடிந்ததா இல்லையா என்கிற மாதிரி என்னைத்தான் முறைப்பார்.

சிரிப்பாக இருந்தாலும் அண்ணனுக்கு இது உயிர் போகிற விஷயம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரைக்கடியில் இருந்தது லீவு நாட்களில் மட்டும்தான். அவர் சம்பளத்துக்குத் தனி வீடு கனவிலும் நடக்காது. அந்த வருஷம்தான் அவருடைய ஆபீசில், குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளும் டிரைவர்களுக்கும் வாடகையில் பெரும்பங்கை அரசாங்கமே கொடுக்கும் என்று ஆணை வந்தது. ஆனால் முனிசிபாலிட்டியில் பதிந்த வாடகை ஒப்பந்தத்தை அந்த மாசக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் போச்சு.

இங்கேதான் இடித்தது. வளைகுடாவில் மனைவி பக்கத்தில் இல்லாத ஆண்பிள்ளை எல்லோரும் பேச்சலர்தான். பேரன் எடுத்தவனும் பேச்சலர். பேச்சலருக்கு ஃபேமிலி பில்டிங்கில் இடம் கிடையாது. ஃபேமிலியைக் கூட்டி வா, வீடு தருகிறேன் என்பார் வீட்டுக்காரர். வீட்டைக் காட்டு, விசா தருகிறோம் என்பார்கள் விசா ஆபீசில். இரண்டுக்கும் நடுவில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பத்தை ஊரிலிருந்து வரவழைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்தார். ஒரு வீட்டுக்காரர் கடைசிப் பக்கம் வரை ரசித்துப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, முடியாது என்றார். இன்னொருவர் படத்தில் இருந்த சுருள்முடி மாப்பிள்ளையையும் எதிரே நின்ற வழுக்கைத் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அது நீ இல்லை என்றார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மாசக் கடைசிச் சனிக்கிழமை. ஈச்சந்தோப்புப் பக்கம் ஒரு பழைய கட்டடம், இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பச்சையாக ஈச்சமர உச்சிகள். அண்ணன் வழக்கம்போலப் படுத்தார், பேசினார், தூங்கினார். அன்றைக்கு அதிசயமாக அந்தப் பக்கம் அக்காவும் தூங்கிவிட்டார். ஃபோனுக்குள் கன்னத்தில் கைவைத்து அவர், வெளியே கன்னத்தில் கைவைத்து இவர். காலி வீட்டில் இரண்டு பேருடைய மூச்சும் சேர்ந்து கேட்டது. எனக்கு எழுப்ப மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கைத்தடியோடு கட்டடத்துக்காரரே வந்து நின்றார். வயதான அரபி. வாட்ச்மேன் சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெரியவர் தரையில் கிடந்தவரைப் பார்த்தார், குனிந்து ஃபோனைப் பார்த்தார். அந்தக் காலத்து அரபிகளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. யார் இது, பேச்சலரா என்று என்னைக் கேட்டார். இல்லை, பக்கத்திலேயே அவர் மனைவி இருக்கிறாரே என்றேன். எத்தனை காலமாக இப்படி என்றார். பதினெட்டு வருஷம் என்றேன். இன்னொரு தடவை குனிந்து ஃபோனைப் பார்த்தார். பிறகு, இவர்களை எழுப்ப வேண்டாம், எழுந்ததும் கையெழுத்துப் போட வரச் சொல் என்று வாட்ச்மேனிடம் கிசுகிசுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

அண்ணன் எழுந்து சோம்பல் முறித்தார். “வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவங்களும் குடுக்க மாட்டாங்க.”

“குடுத்துட்டாங்கண்ணே.”

இன்னும் தூக்கம் கலையவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒப்பந்தத்தைப் பதிந்து கெடுவுக்குள் ஆபீசில் கொடுத்தாயிற்று. அடுத்த சில வாரங்களில் செல்வி அக்கா வந்து இறங்கினார். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரூமைக் காலி செய்த அன்று, நாங்கள் ஐந்து பேரும் கைதட்டி அனுப்பி வைத்தோம். அந்த வாரமே மேல்கட்டிலைக் கேட்டு ஓர் ஆள் வந்தார். இல்லைங்க, அண்ணன் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று கூசாமல் பொய் சொன்னேன். மற்ற நாலு பேரில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.