மஞ்சள் கோட்டோடு மல்லுக்கட்டிய வக்கீல்

பெங்களூரில் எந்தக் கோர்ட்டுப் படியும் ஏறாமல் அதிக நிரபராதிகளைக் காப்பாற்றியவர் எங்கள் ஆபீஸ் வக்கீல்தான். சட்டம் படித்தவரில்லை, பட்டப்பெயர் அது. லிங்கராஜபுரத்துக்காரர், என் பக்கத்து நாற்காலியில் கம்ப்யூட்டருக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்.

நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்க ஒரு கருவி உண்டு. ஒரு எண்ணையோ பட்டியலையோ பெயரிட்டு எடுத்து வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால், அதன் அடியில் மஞ்சள் கோடு போட்டு 'இது வெட்டி' என்று காட்டிக் கொடுக்கும். ஆனால் அதற்குப் பார்வை குறைவு. இந்தப் பகுதியில் எடுத்து வைத்ததை அடுத்த பகுதியில் பயன்படுத்தினால் தெரியாது. மாடாய் உழைப்பவனையும் வெட்டி என்றே சொல்லும்.

வக்கீலுக்கு இது பொறுக்காது. அநியாயமாகக் கோடு விழுந்த ஒவ்வொரு வரிக்கும் மேலே, "இவன் நிரபராதி. சாட்சி: 84ஆம் வரி" என்று குறிப்பு எழுதுவார். ஒருநாள் திரையைப் பார்த்து, "எய்ட்டி ஃபோர் போய்ப் பாத்தியா மேன்? பாக்காமலே எப்படிச் சொல்ற?" என்று அதட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் வேறு ரகம். மஞ்சளைப் பார்த்தாலே வியர்க்கும்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு மஞ்சள் வார்னிங்கூட இருக்கக் கூடாது. இருந்தா வருஷ ரெவ்யூல ஏறும்" என்றார் மேனேஜர். வக்கீல் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கோடு விழுந்ததையெல்லாம் குறிப்போடு சேர்த்து அழித்தேன். அதில் ஒன்று, இப்போது வேலையில் இருப்பவர்களின் பட்டியல். வேலையை விட்டுப் போனவர்களின் லாகினைப் பூட்டுவதுதான் அந்த ஸ்கிரிப்டின் வேலை. பட்டியல் இல்லையா? சரி, எல்லாரும் போய்விட்டார்கள் என்று அது முடிவுகட்டியது. மூன்று மணிக்கு மொத்த ஆபீஸின் லாகினும் பூட்டு. முதல் பலி மேனேஜர்.

"ஏனப்பா, யாரு அழிச்சது?" என்று கத்தினார் மேனேஜர்.

அத்திபெலேயில் மச்சான் டயர் கடையில் இடம் இருக்குமா என்று என் மனசு ஓடியது.

"நான்தான் சார்" என்று எழுந்தார் வக்கீல். சர்வர் அறைக்குப் போய்ப் பழைய பிரதியைத் தேடி எடுத்து எல்லாரையும் மறுபடி வேலையில் சேர்த்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உன் மூஞ்சிய நீ பாக்கல. வாயத் தொறந்திருந்தா போன வருஷத் தப்பையும் சேத்து ஒத்துக்கினு இருப்ப."

ரெவ்யூ வந்தது. 'கவனமில்லாதவர்' என்று அவர் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைக் கக்கினேன்.

வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "ஜெயிச்ச கேஸ் மேன் அது. கெடுத்துட்டியே."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் தூறலில், தன் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்துவிட்டு நான் வரும்வரை நின்றிருந்தார்.