முப்பத்தெட்டு ஊதா வாய்

செங்கல்பட்டு
8-11-1978

சிரஞ்சீவி ரவிச்சந்திரனுக்கு, உன் அப்பா தாமோதரன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். சௌக்கியமில்லாதவர்கள் நான் மருந்து கட்டிக் கொடுக்கும் டாக்டரிடம் தவறாமல் வந்துகொண்டிருப்பதால் பிழைப்பும் சௌக்கியம். மதுராந்தகத்தில் உன் மாமா நீலமேகம், மாமி, நீ உட்கார்ந்திருக்கும் மாமாவின் மருந்துக்கடை எல்லாம் நலம்தானா? ஏரி நிரம்பிவிட்டதாகக் கேள்வி. கடைக்குள் வராத வரைக்கும் சந்தோஷம்.

நிற்க. ராணுவத்தில் பார்மசிஸ்டாகச் சேர உனக்கு உத்தரவு வந்திருப்பதாகவும், இருபதாம் தேதி மெட்ராஸில் ஆஜராக வேண்டும் என்றும், அப்பா சரி என்றால் போவேன், வேண்டாம் என்றால் கல்பாக்கத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்றுதான் பேசினாள். "போவாதேன்னு ஒரு கடுதாசி எழுதுங்க. நீங்க அங்க பட்டதெல்லாம் வுடாம எழுதுங்க. படிச்சா பையனுக்கு ஆசையே வுட்டுப் போவணும்." உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவன் நான். ஆகவே பட்டதெல்லாம் எழுதுகிறேன், கவனமாகப் படித்துப் பயந்துகொள்.

முதலாவது, நான் அதில் சேர்ந்த லட்சணம். 1955இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டதும் இங்கே ஒரு நாட்டு மருந்துக்கடையில் சுக்கும் திப்பிலியும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆள் எடுக்க வந்த அதிகாரி மார்பை அளந்துவிட்டு, என்ன வேலை தெரியும் என்றார். பொட்டலம் மடிக்கத் தெரியும் என்றேன், வேறொன்றும் தெரியாததால். மேஜைமேல் கிடந்த ஒரு தாளைக் கொடுத்து மடி என்றார், மடித்தேன், நூல் இல்லாமலே நிற்கும்படி மடித்தேன், அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்துவிட்டு என் பேருக்கு எதிரே மருந்து என்று எழுதிக்கொண்டார். நான் மடித்துக் கொடுத்தது அவருடைய லீவு மனு என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு பொட்டலத்துக்குள் பதினெட்டு வருஷம் இருந்தேன். நீயாவது முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கியிருக்கிறாய், இந்த மாதிரி அவமானம் உனக்கு எதற்கு?

இரண்டாவது, சிக் ரிப்போர்ட். காலையில் எழுந்ததும் உடம்பு முடியாதவர்கள் மருந்து அறைக்கு முன்னால் வரிசை கட்டுவார்கள். நீண்ட தூரம் நடக்கவைக்கும் நாளில் வரிசையும் நீளும். வரிசையில் நிற்கிற நிலையை வைத்தே நிஜக் காய்ச்சல் எது, நடிப்புக் காய்ச்சல் எது என்று எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் நிஜக் காய்ச்சல்காரன் முனக மாட்டான். முனகுகிறவர்களுக்கென்று கொயினாவும் பேதி உப்பும் சேர்த்து ஒரு கலவை வைத்திருந்தேன். அதை ஒரு தடவை குடித்தவன் அப்புறம் கால் ஒடிந்தால்கூட என்னிடம் வரமாட்டான். ஒரு நாள் இருபது மைல் நடை என்றார்கள். எனக்குச் சோம்பல், போர்வையைப் போர்த்திக்கொண்டு முனகினேன். என்கீழ் வேலை பார்த்த செல்வராஜ், கூடுவாஞ்சேரிக்காரன், ஒரு டம்ளரோடு வந்து நின்றான். "அண்ணாத்த, நீங்க சொல்லிக்குடுத்த அளவுதான். ஒரு சொட்டு கொறைக்கல." சுபேதார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தேன். அன்றைக்குக் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நான் நடந்த நடையைக் கூட்டினால் இருபது மைல் சின்னத் தூரம்.

(உன் அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "இன்னா சிரிச்சிகினு கீறீங்க? பயப்படற மாரி எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன்.)

மூன்றாவது, குளிர். 1970 டிசம்பரில் ஒரு மலைமேல் இருந்தோம். எந்த மலை என்பது ராணுவ ரகசியம், ரகசியம் இல்லையென்றாலும் அந்தப் பேரை எனக்கு எழுத வராது. பதினோராயிரம் அடி. எங்கள் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர், பாதிப் பேர் நம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள், மார்கழியிலேயே சட்டையில்லாமல் திரிந்தவர்கள். பனிக்காற்றில் எல்லோருக்கும் உதடு வெடித்துவிட்டது. சிரித்தால் ரத்தம். களிம்பு தீர்ந்துபோய் அடுத்த லாரி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கையில் இருந்தது ஒரு பெரிய பாட்டில் ஜென்ஷன் வயலெட், அதுதான், வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்து. வாய்க்கு ஆகிறது உதட்டுக்கு ஆகாதா என்று முப்பத்தெட்டுப் பேரையும் நிற்கவைத்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இரண்டு பூச்சுப் பூசினேன். மறுநாள் பிரிகேடியர் பார்வையிட வருகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓரம் பிசிறில்லாமல் பூசியிருப்பேன்.

அவ்வளவு உயரத்தில் ஒருவனுக்குக் காற்றுப் போதாமல் போனால் உதடு நீலம் பாரிக்கும். அப்படி ஒருவனைக் கண்டால் கேள்வி கேட்காமல் உடனே கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் தேறமாட்டான். இது எனக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பூசும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை. பிரிகேடியரோடு ஒரு டாக்டர் மேஜர் வந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. முதல் ஆள் உதடு நீலம், இரண்டாவது ஆள் நீலம், கடைசி ஆள் வரைக்கும் நீலம். மேஜர் முகத்தில் இருந்த ரத்தம் பூட்சுக்குள் இறங்கிவிட்டது. "எல்லோரையும் கீழே இறக்குங்கள்! ஒருவரும் நடக்கக்கூடாது, தூக்குங்கள்!" என்று இந்தியில் கத்தினார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற இருசப்பன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டுப் பிள்ளை, பூட்ஸ் காலால் என் காலை மிதித்தான். "கம்னு இரு அண்ணாத்த. ஒரு மாசமா குளிருல செத்துகினு கீறோம். வாயத் தொறந்தே, நீ காலி." சொல்லிவிட்டு அப்படியே சரிந்து, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைப் பிளந்து மூச்சு வாங்கினான். அதைப் பார்த்து மற்ற முப்பத்தேழு பேருக்கும் மூச்சு வாங்கியது.

கீழே ஆஸ்பத்திரியில் கணப்பு, கம்பளி, முட்டை. சூடாகப் பால் கொடுத்தார்கள், அதுவும் வெள்ளைக் கோப்பையில். குடித்து வைத்த முப்பத்தெட்டுக் கோப்பையின் விளிம்பிலும் ஊதா. மலையாளத்து நர்ஸ் ஒருத்தி ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்தாள், இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள், போய் டாக்டரை அழைத்துவந்தாள். ஆனால் அதற்குள் மேலே போகும் பாதையைப் பனி மூடிவிட்டதால் மூன்று நாள் எல்லோரும் அங்கேயே தூங்கினார்கள். பாதை மூடுவதற்கு முன்பே எங்களுக்குப் பதிலாகக் காவலுக்கு ஏறியவர்கள் விட்ட சாபத்தில்தான் எனக்கு இப்போது முழங்கால் வலிக்கிறது என்று நினைக்கிறேன். பாதை திறந்ததும் எங்கள் கர்னல் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைதான் பேசினார்: "கையுறை." கழற்றினேன். பத்து விரலும் ஊதா. பதினான்கு நாள் முதுகில் மூட்டையோடு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். பதினைந்தாம் நாள் கர்னலின் ஆள் வந்து காதோடு சொன்னான்: "சாபுக்கு ஒதடு வெடிச்சிருக்கு. மருந்து கேட்டாரு. கலர் இல்லாததா கேட்டாரு."

போன மாதம் மாமல்லபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கம்பவுண்டர் அண்ணாத்தே!" என்று ஒரு கத்தல். இருசப்பன், தலையில் மீன்கூடை. உதட்டைக் குவித்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "ரெண்டு பூச்சுப் பூசு அண்ணாத்த, மூணு நாளு தூங்கணும்" என்றான். தெருவென்றும் பாராமல் இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு முழு வஞ்சிர மீனை என் பையில் திணித்துவிட்டுத்தான் போனான். உன் அம்மா அதை ஏது என்று கேட்டபோது கதையைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று எனக்கே தெரியும்.

படித்துப் பார்த்தால் கடிதம் கொஞ்சம் வழி தவறிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆகவே நான்காவதை நேராக எழுதுகிறேன். நீ பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு நாலு வயசில் நான் லீவில் வந்தபோது, "அம்மா, யாரோ போலீஸ்காரரு வந்துகீறாரு" என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். நீ பழகி என் முதுகில் ஏறுகிற நாளில் லீவு முடிந்துவிடும். உனக்கு அம்மை போட்ட வருஷம் நான் எண்ணூறு பேருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்க நான் பக்கத்தில் இல்லை. அந்த நாட்களையெல்லாம் உன் அம்மா ஒருத்தியாகத் தள்ளினாள். அதை நினைத்தால் அவள் வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, போகவேண்டாம். இதுவே என் தீர்மானமான முடிவு.

மாமாவுக்கும் மாமிக்கும் என் நமஸ்காரம். வேளாவேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக, நோயில்லாமல், மருந்தை மற்றவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
ஹவில்தார் தாமோதரன் (ஓய்வு)

பி.கு.: டேய் ரவி, இது அம்மா எழுதறேன். உங்கப்பா ஸ்டாம்பு வாங்கப் போயிருக்காரு. எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டினாரு. ஊதா வாய் எடம் வந்ததும் மேல படிக்க முடியாம சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சிகினாரு. ஊருக்கு வந்து அஞ்சு வருசத்துல இவரு இப்படிச் சிரிச்சு நான் பாக்கல. இன்னொண்ணு அவரு எழுதாம வுட்டுட்டாரு. போன வாரமே கட்டிலுக்கு அடியில கெடந்த அவரோட ட்ரங்குப் பெட்டிய இழுத்து, தன் பேர அழிச்சிட்டு வெள்ளைப் பெயிண்டுல உன் பேர எழுதி வெச்சிகீறாரு. இன்னான்னு கேட்டா துருவுக்கு மருந்து பூசறேன்னாரு. நீ போயி மிலிட்டரில சேந்துக்கடா. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா, பொண்டாட்டிய ஊருல வுட்டுட்டுப் போவாத. கூடவே கூட்டிகினு போ. குளிரோ பனியோ, அவளும் பாக்கட்டும். நான் பாக்கல.